சிக்னல் இல்லாத மண் ரோட்டில் வழி பிடிப்பது எப்படி? போன இடத்தில் பரணா, நடையா?

புதுத்தடம் கேட்டது:

வணக்கம். அடுத்த மாசம் மூணு பேர் மான் வேட்டைக்குப் போறோம். லைசென்ஸ், சீசன் தேதி, நிலத்துக்காரரோட எழுத்துபூர்வ அனுமதி எல்லாம் கையில இருக்கு, அந்தப் பக்கம் சிக்கல் இல்லை. சிக்கல் வழியிலதான். தார் ரோட்டை விட்டு இறங்கினா 28 கிலோமீட்டர் மண் ரோடு. பெயர்ப் பலகை கிடையாது, பாதி தூரத்துக்கு மேல சிக்னலும் கிடையாது. அவர் சொன்ன வழி இவ்வளவுதான்: "பழைய பாலம் தாண்டி ரெண்டாவது இடது, அப்புறம் தண்ணித் தொட்டி வரும், அங்கேருந்து நேரா வாங்க." கூடவே அட்சரேகை, தீர்க்கரேகை அனுப்பினார். ஒண்ணுல புள்ளிக்குப் பின்னாடி 30, இன்னொண்ணுல 15. மேப்ல போட்டா ஏரி நடுவுல போய் நிக்குது.

போன்ல மேப்பை இறக்கி வெச்சுக்கிட்டா போதுமா, தனி ஜிபிஎஸ் வாங்கணுமா? அப்புறம், அந்த நிலம் மூணு பேருக்குமே புதுசு. பரண்ல உட்காரலாமா, நடந்து தேடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரட்டுவழி:

முதல்ல அந்த ஏரியிலிருந்து வெளிய வருவோம். அவர் அனுப்பினது டிகிரியும் நிமிஷமும். நீங்க போட்டது தசம டிகிரி. 30 நிமிஷம்னா அரை டிகிரி, அதாவது புள்ளி 5. நீங்க புள்ளி 30ன்னு போட்டதால 0.2 டிகிரி தள்ளிப் போச்சு. அட்சரேகையில ஒரு டிகிரி சுமார் 111 கி.மீ., அதனால வடக்கு தெற்கா 22 கி.மீ. பிசகு. தீர்க்கரேகையிலயும் அதே கதைதான்: 15 நிமிஷம்னா 0.25, நீங்க போட்டது 0.15. அந்த 0.1 டிகிரி நிலநடுக்கோட்டுப் பக்கம் 11 கி.மீ., துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறையும்.

திருத்திப் போட்டாலும் அது போதாது. முழு நிமிஷத்தோட நிறுத்தின எண்ணை வெச்சு இடத்தைக் கிட்டத்தட்ட 2 கி.மீ. சுற்றளவுக்குள்ளதான் சொல்ல முடியும், ஒரு நிமிஷமே 1.85 கி.மீ. ஆச்சே. தசமத்துல 4 இலக்கம் இருந்தா 11 மீட்டர், 5 இலக்கம் இருந்தா ஒரு மீட்டர் அளவுக்கு இடம் தெரியும். அவரை மேப்ல அந்த இடத்தை அழுத்திப் பிடிச்சு, வர்ற எண்ணை அப்படியே காப்பி பண்ணி அனுப்பச் சொல்லுங்க. கையால டைப் அடிக்க விடாதீங்க. பிளஸ் கோடு (கூகுள் மேப்ஸ் ஒவ்வொரு இடத்துக்கும் காட்டுற, எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) அனுப்பினாலும் நல்லது, ஆனா முழு 10 எழுத்துக் கோடா இருக்கணும், அது சுமார் 14 மீட்டர் கட்டத்தைக் காட்டும். ஊர்ப் பேரைப் பின்னாடி ஒட்டின சுருக்கக் கோடு வந்தா, அந்த ஊர் எங்கேன்னு ஆப்புக்குத் தெரிஞ்சாத்தான் வேலை செய்யும்.

எந்த இடத்தோட புள்ளி அதுன்னும் கேட்டுக்கோங்க. வீடா, கேட்டா? பெரும்பாலான ஆப் அந்தப் புள்ளிக்குக் கிட்டத்துல இருக்கிற ரோட்டுக்குத்தான் வழி போடும். வீட்டுக்குப் பின்னாடி ஓடை, ஓடைக்கு அக்கரையில ஒரு தடம்னு இருந்தா, அக்கரையில கொண்டுபோய் விட்டுட்டு "வந்து சேர்ந்துவிட்டீர்கள்"னு சொல்லிடும். வண்டி உள்ளே நுழையற கேட்டோட புள்ளிதான் உங்களுக்கு வேணும்.

இப்ப போன். ஜிபிஎஸ்ஸுக்கும் டவருக்கும் சம்பந்தமில்லை, அது செயற்கைக்கோள்ல இருந்து நேரா வருது. டவர் இருந்தா எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்குன்ற தகவல் சீக்கிரம் கிடைக்கும், அவ்வளவுதான். டவர் இல்லாத இடத்துல போனைத் திடீர்னு எடுத்தா முதல் பிடிப்புக்குச் சில நிமிஷம் ஆகலாம். வண்டியை ஓரங்கட்டி, வானம் தெரியற மாதிரி வெச்சுட்டுப் பொறுமையா இருங்க. தார் ரோட்டுலயே மேப்பை ஓட விட்டுட்டா இந்தத் தொல்லையே இல்லை. பேட்டரியைத் தின்னுறது பெரும்பாலும் டவரைத் தேடுற வேலை. ஃபிளைட் மோடுல போடுங்க, இப்ப வர்ற போன்கள்ல ஜிபிஎஸ் அப்பவும் ஓடும்.

கூகுள் மேப்ஸை ஆஃப்லைனா இறக்கினா வண்டிக்கான வழி மட்டும் கிடைக்கும். நடைவழி கிடைக்காது, சாட்டிலைட் படமும் அதோட சேர்ந்து வராது. மண் ரோட்டுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை வெச்சு ஓடுற ஆர்கானிக் மேப்ஸோ ஓஸ்மாண்டோ இன்னொண்ணா வெச்சுக்கோங்க. அதுல கேட், ஓடைக் கடவு, சமவுயரக் கோடெல்லாம் வரும். தடத்தோட தரத்தையும் கிரேடு 1 முதல் 5 வரை குறிச்சிருப்பாங்க: 1 கெட்டியான தளம், 5 வெறும் புல்லும் மண்ணும். ஆப் கிரேடு 5 வழியா இழுக்குதுன்னா, கிலோமீட்டர் குறையுதேன்னு ஆசைப்படாதீங்க. எதை இறக்கினாலும் கிளம்பறதுக்கு முந்தின நாள் ஃபிளைட் மோடுல போட்டு, கேட் வரைக்கும் வழி வருதான்னு வீட்டுலயே பார்த்துடுங்க. இறக்கின பகுதியோட ஓரம் நிலத்துக்கு 3 கி.மீ. முன்னாடியே முடிஞ்சுபோறது ரொம்ப சகஜம்.

தனி ஜிபிஎஸ் வண்டிக்குத் தேவையில்லை. காட்டுக்குள்ள நடக்கும்போது, மழையில, கையுறை போட்ட கையோட பட்டனை அழுத்தறதுக்கு அது சௌகரியம். மூணு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்தா தாராளம்.

மைல்கல்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் திரையை மட்டும் நம்பிப் போகிறவர் சிக்கிக்கொள்ளும் இடம் கவைதான். இரண்டு தடம் பத்து டிகிரிக் கோணத்தில் பிரியும்போது, 100 மீட்டர் போன பிறகுதான் அம்புக்குறி நகர்ந்தது தெரியும். அதற்குள் தப்பான தடத்தில் இறங்கியிருப்பீர்கள். அதனால் காகிதத்தில் ஒரு வழிக்குறிப்பு எழுதி, ஓட்டாதவர் கையில் கொடுங்கள்.

எழுதும் முறை: வீட்டில் உட்கார்ந்து சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் இடையே உள்ள தூரத்தை அளவு கருவியால் அளக்கவும். திரும்ப வேண்டிய பிரிவுகளை மட்டுமல்ல, திரும்பக் கூடாத பிரிவுகளையும் எழுத வேண்டும். இப்படி இருக்கும்:

பாலத்தின் அக்கரை முனை: 0.0
0.6 இடது, வயல் கேட். விடு
1.4 இடது, ஒற்றைத் தடம். விடு
2.1 இடது, அகலம். திரும்பு. எதிரே மின்கம்பி ரோட்டைக் கடக்கும்
திரும்பியதும் மீட்டரை 0 செய்
3.0 தொட்டி, வலப்பக்கம்
3.8 வரை தொட்டி வராவிட்டால் நில்

இதிலேயே உங்கள் நிலத்துக்காரர் சொன்ன வழியின் கோளாறும் தெரியும். "ரெண்டாவது இடது" என்று அவர் சொல்வது அவர் கணக்கில். வயலுக்குள் போகிற கேட்டை அவர் ரோடாகவே எண்ணமாட்டார், நீங்கள் எண்ணுவீர்கள். மேலே உள்ள மாதிரியில் உங்கள் கணக்குக்கு அது மூன்றாவது இடது. "நேரா" என்பதும் அப்படித்தான். அவர் தினமும் போகிற தடம்தான் அவருக்கு நேர், கவையில் அது இடப்பக்கம் வளைந்திருந்தாலும்கூட. போனில் கூப்பிட்டு, படத்தை முன்னால் வைத்துக்கொண்டு, "தொட்டி எந்தக் கைப்பக்கம்? தாண்டிப் போயிட்டேன்னா எனக்கு என்ன தெரியும்?" என்று இந்த இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் விலைமதிப்புள்ளது. தவறைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒவ்வொரு துண்டுக்கும் ஒன்று குறிப்பில் இருக்க வேண்டும்.

டிரிப் மீட்டரை ஒவ்வொரு உறுதியான இடத்திலும் பூஜ்யமாக்குவது ஏன் என்றால், பிழை சேர்ந்துகொண்டே போகாமல் இருக்க. டயர் அளவு மாற்றியிருந்தால் மீட்டர் சில சதவீதம் கூடக் குறையக் காட்டும். சேற்றில் சக்கரம் சுற்றினால் போகாத தூரமும் கணக்கில் ஏறும். 28 கி.மீ. மொத்தத்துக்கும் 3 சதவீதப் பிழை என்றால் 800 மீட்டருக்கு மேல், அதற்குள் இரண்டு பிரிவு ஒளிந்திருக்கலாம். ஒரு கி.மீ. துண்டில் அதே பிழை 30 மீட்டர்தான். மீட்டர் கெட்டுப்போன வண்டி என்றால் கடிகாரம் போதும்: 30 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 500 மீட்டர்.

எதிர்பார்த்த அடையாளம் வராவிட்டால் குறிப்பில் எழுதிய நிறுத்தத் தூரத்தில் நிற்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று போகிற அந்தக் கொஞ்சத்தில்தான் முழுதாக வழி தவறுகிறது. அதுவரை ஒரே ஒரு பிரிவில் தப்பு, திரும்பினால் சரியாகிவிடும். அதன் பிறகு எந்தப் பிரிவில் தப்பினோம் என்பதே தெரியாது. கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்கே திரும்புங்கள், குறுக்கே சேரலாம் என்று புதுத்தடத்தில் (பெயரைச் சொல்லவில்லை!) இறங்காதீர்கள். வண்டியைத் திருப்ப ஓரத்து மண்ணில் இறக்காமல், அகலமான இடம் வரை பின்னோக்கி வருவது நல்லது. மழைக்குப் பிறகு நடுத்தடம் கெட்டியாக இருந்தாலும் ஓரம் உள்வாங்கும்.

பலர் விட்டுவிடுவது ஒன்று உண்டு. போகும்போது ஒரு பக்கத் தடம் பின்னாலிருந்து சாய்வாக வந்து உங்கள் ரோட்டோடு சேர்ந்தால் உங்கள் கண்ணில் எளிதில் படாது. திரும்பும்போது அதே இடம் கவையாக நிற்கும், அதுவும் இருட்டில். ஆகவே ஒவ்வொரு சேர்க்கையிலும் வண்டியை 20 மீட்டர் தாண்டி நிறுத்தி, இறங்கி, வந்த திசையைப் பார்த்து ஒரு படம் எடுங்கள். திரும்பும்போது தேவைப்படுவது அந்தப் படம்தான், போகும் திசையில் எடுத்த படம் அல்ல.

வழியில் ஆள் கிடைத்தால் கேட்பதிலும் முறை உண்டு. "இந்த ரோடு அங்கே போகுமா?" என்றால் பத்தில் எட்டுப் பேர் மரியாதைக்காவது "போகும்" என்பார்கள். "இந்த ரோடு எங்கே போகுது?" என்று கேளுங்கள். நடந்து வருபவர் நடைவழியைச் சொல்வார், அதில் உங்கள் வண்டி நுழையாது. டிராக்டரோ லாரியோ ஓட்டுபவர் சொல்வதே உங்களுக்கு ஆகும். "பக்கம்தான்" என்பது தூரமல்ல, ஆறுதல்.

பரண்நிழல்:

வேட்டைக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். புது நிலம், மூணு பேர், மூணு பேருக்கும் பழக்கமில்லை. பரண்தான். நடந்து தேடறது சுவாரசியம், ஆனா அதுக்கு நிலம் மனப்பாடமா இருக்கணும். மூணு துப்பாக்கி தெரியாத புதருக்குள்ள ஒரே நேரத்துல நகரும்போது, மத்த ரெண்டு பேரும் எங்கே இருக்காங்கன்னு யாருக்கும் நிச்சயமா தெரியாது. மூணு பேரும் அவங்கவங்க இடத்துல உட்கார்ந்தா, யார் எந்தத் திசையில சுடலாம், எந்தத் திசையில துப்பாக்கியையே திருப்பக்கூடாதுன்னு மேப்ல கோடு போட்டு முடிவு பண்ணிடலாம். சொன்ன நேரத்துக்கு முன்னாடி யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஆரஞ்சு நிற மேல்சட்டை மூணு பேருக்கும் கட்டாயம். மானுக்கு ஆரஞ்சு பளிச்சுனு தெரியாது, மனுஷனுக்கு நல்லாத் தெரியும்.

எங்கே உட்காரணும்ன்றதை மானோட தடம் மட்டும் முடிவு பண்ணக்கூடாது, நீங்க திரும்பி வர்ற வழியும் சேர்ந்துதான் முடிவு பண்ணணும். முதல் தடவை, வண்டியிலிருந்து அரை கிலோமீட்டருக்குள்ள, ஒரே ஒரு வேலியையோ ஓடையையோ ஒட்டியே போய்த் திரும்பக்கூடிய இடமாப் பாருங்க. முடிஞ்சா வண்டியை விட மேட்டுல. உயிரோட 60 கிலோ இருக்கிற மான் குடல் எடுத்த பிறகும் 45 கிலோவுக்குக் குறையாது. அதைப் பள்ளத்துல இருந்து மேட்டுக்கு இழுக்கறதும் மேட்டுல இருந்து பள்ளத்துக்கு இழுக்கறதும் ஒண்ணு இல்லை.

காற்று மான் வர்ற பக்கத்துலருந்து உங்க முகத்துக்கு அடிக்கணும். ஒரு சின்னக் குப்பியில டால்கம் பவுடர் வெச்சுப் பீய்ச்சிப் பாருங்க, இலையாடறதைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. சரிவான நிலத்துல இன்னொரு காற்று இருக்கு: வெயில் ஏறினதும் சரிவுல காற்று மேல ஏறும், சாயங்காலம் குளிர்ந்ததும் கீழ இறங்கும். அதனால வெயில் ஏறின காலையில மான் நடமாடற இடத்துக்கு மேல உட்காருங்க, மாலையில கீழ உட்காருங்க. ஒரே பரணை ரெண்டு வேளைக்கும் வெச்சுக்கிட்டா ஒரு வேளை உங்க வாசனையை நீங்களே மானுக்கு அனுப்பிட்டு உட்கார்ந்திருப்பீங்க. காலையில கிழக்கைப் பார்த்தும் உட்காராதீங்க, கண் கூசும்.

உயரப் பரண்னா 4 முதல் 6 மீட்டர் போதும். ஏறத் தொடங்கும்போதே உடம்புல பாதுகாப்புப் பட்டை மாட்டி மரத்தோட கட்டியிருக்கணும், உச்சிக்குப் போன பிறகு இல்லை. பரண் வேட்டையில அடிபடறது பெரும்பாலும் விழுந்துதான், அதுவும் ஏறும்போதும் இறங்கும்போதும். மூணு பிடி எப்பவும் ஏணியில இருக்கணும், ரெண்டு கால் ஒரு கை, இல்லைன்னா ரெண்டு கை ஒரு கால். துப்பாக்கியைத் தோட்டா இல்லாம, கயிறு கட்டி, நீங்க மேல உட்கார்ந்த பிறகு இழுங்க. உயரத்துல ஒரு லாபம் இருக்கு. குண்டு கீழ்நோக்கிப் போறதால மண்ணே தடுப்பாயிடும். தரையில உட்கார்ந்தா மானுக்குப் பின்னாடி மேடு இருக்கணும். மேட்டு விளிம்புல வானத்துக்கு எதிரா நிக்கிற மானைச் சுடவே கூடாது. சின்ன .22 குண்டே ஒரு கி.மீ.க்கு மேல போகும், பெரிய ரைஃபிள் குண்டு அதைவிட ரொம்பத் தூரம். அந்த மண் ரோடும் அந்தப் பக்கம்தானே எங்கேயோ ஓடுது.

தூரத்தைப் பரண்ல உட்கார்ந்ததும் அளந்துடுங்க: அந்தப் பாறை 60 மீட்டர், அந்த மரம் 100 மீட்டர்னு. புதுசா வர்றவங்க 100 மீட்டருக்கு மேல போகவேண்டாம். மான் பக்கவாட்டுல நிக்கணும், இல்லைன்னா லேசா உங்களை விட்டு விலகின கோணத்துல. முன்னங்காலுக்குப் பின்னாடி, உடம்பு உயரத்துல கீழேருந்து மூணுல ஒரு பங்கு. நேரா முகத்தைக் காட்டி நிக்கிற மானை விட்டுடுங்க.

சட்டம் அனுமதிக்கிற கடைசி நிமிஷம் வரைக்கும் காத்திருக்காதீங்க. அதுக்கு அரை மணி முன்னாடியே முடிச்சுக்கிட்டா, அடிபட்ட மானைத் தேட வெளிச்சம் இருக்கும். சுட்டதும் இறங்கி ஓடாதீங்க. மான் நின்ன இடத்துக்கும் கடைசியா மறைஞ்ச இடத்துக்கும் பரண்ல இருந்தே காம்பஸ் வெச்சு கோணம் எடுத்துக்கோங்க. கீழ இறங்கினா எல்லாப் புதரும் ஒரே மாதிரி இருக்கும். அரை மணி பொறுத்து, நின்ன இடத்துக்குப் போய் ரத்தத்தைப் பாருங்க. பளிச்சுனு சிவப்பா நுரையோட இருந்தா நுரையீரல், கிட்டத்துலயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்புன்னா ஈரல், இன்னும் சில மணி நேரம் விடணும். பச்சையாக் குழம்பும் நாற்றமும் இருந்தா வயித்துல பட்டிருக்கு. உடனே துரத்தினா எழுந்து கிலோமீட்டர் கணக்கா ஓடும், 8 மணி நேரமாவது விட்டுட்டுத் தேடணும். ஒவ்வொரு ரத்தத்துளிக்கும் ஒரு துண்டு டேப் கட்டிக்கிட்டே போங்க, திரும்பிப் பார்த்தா ஓடின திசை கோடாத் தெரியும். வரும்போது அவிழ்த்துடுங்க.

நில எல்லையை ஜிபிஎக்ஸ் (மேப் ஆப்கள் படிக்கிற வழிக் கோப்பு) கோடா போன்ல ஏத்திக்கோங்க. திறந்த வெளியில போன் 5 மீட்டர் சுமாருக்கு இடம் காட்டும், அடர்ந்த மரத்தடியில அதைவிடப் பிசகும். அதனால எல்லைக்கு 50 மீட்டர் உள்ளேயே எல்லைன்னு நினைச்சுக்கோங்க. அடிபட்ட மான் வேலி தாண்டினா பக்கத்து நிலத்துக்காரர் அனுமதி இல்லாம பின்னாடி போகக்கூடாத இடங்கள்தான் அதிகம், அவர் போன் நம்பரை இப்பவே வாங்கி வையுங்க.

புதுத்தடம்:

ரொம்ப நன்றி. தொட்டி வலப்பக்கமாம், கேட்டாச்சு. தாண்டிப் போனா கல் குவாரி வரும்னார். இன்னும் ஒண்ணு. மாலையில பரண்ல இருந்து வண்டிக்கு இருட்டுல நடந்து வரணும். போன் செத்துப்போனா? நட்சத்திரம் பார்த்து வரலாம்னு நண்பர் சொல்றார்.

வடமுனை:

அரை கிலோமீட்டருக்கு நட்சத்திரம் வேண்டாம், காம்பஸ் போதும். ஆனால் காம்பஸை நேராக வண்டிக்கு வைக்காதீர்கள், அதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கோணத்தில் 5 டிகிரி பிசகினால் ஒரு கி.மீ.க்கு 87 மீட்டர் தள்ளிப் போவீர்கள், அரைக்கு 44. இருட்டில் 44 மீட்டர் தள்ளி ரோட்டில் ஏறினால் வண்டி இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. எனவே வேண்டுமென்றே 15 டிகிரி இடப்பக்கம் தள்ளி நடங்கள். அரை கி.மீ.க்கு அது 130 மீட்டர் சுமார் விலகல், உங்கள் பிழையைவிடப் பெரிது. ரோட்டைத் தொட்டதும் சந்தேகமே இல்லாமல் வலப்பக்கம் திரும்பினால் வண்டி. இதற்கு ரோடு உங்களுக்குக் குறுக்கே ஓட வேண்டும், அதனால்தான் திரும்பி வரும் வழியையும் வைத்துப் பரண் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் பரண்நிழல்.

காம்பஸை வண்டிக்கு அருகிலும் ரைஃபிளுக்கு மேலேயும் பிடித்துப் பார்க்காதீர்கள். வண்டியிலிருந்து 20 மீட்டராவது விலகிப் பாருங்கள். காந்த மூடி உள்ள போன் உறையும் முள்ளைத் திருப்பும், அதோடு ஒரே பையில் போட்டால் காம்பஸே நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். அச்சிட்ட வரைபடத்தின் வடக்கோடு சேர்த்துப் பயன்படுத்தினால் அந்த இடத்தின் காந்த விலக்கத்தை (முள் காட்டும் வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசம்) கூட்டிக் கழிக்க வேண்டும். போகும்போது எடுத்த கோணத்துக்கு 180 சேர்த்துத் திரும்பி வருவதற்கு அது தேவையில்லை, இரண்டிலும் ஒரே பிழைதான். அடி எண்ணுவதும் உதவும்: சமதரையில் ஒரே கால் விழுவதை மட்டும் எண்ணினால் 100 மீட்டருக்கு 60 முதல் 70 வரை வரும். உங்கள் எண்ணை ஒரு முறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். புதரிலும் இருட்டிலும் கூடும்.

நட்சத்திரம் திசைக்கு உதவும், இடத்துக்கு அல்ல. ஓரியன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் உள்ள மூன்றில் முதலில் உதிக்கும் நட்சத்திரம் ஏறக்குறைய நேர்கிழக்கில் உதித்து நேர்மேற்கில் மறையும், உலகத்தில் எங்கிருந்து பார்த்தாலும். துருவ நட்சத்திரம் உங்கள் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருந்தால் மரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும், தெற்கே தாண்டிவிட்டால் தெரியவே தெரியாது. பகலில், ஒரு மீட்டர்க் குச்சி நட்டு நிழல் நுனியைக் குறித்து, 20 நிமிடம் கழித்து மறுபடி குறித்தால் முதல் குறி மேற்கு, இரண்டாவது கிழக்கு, ஓரளவுக்கு. கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்குக் காட்டும் வித்தை வெப்பமண்டலத்தில் சொதப்பும், விட்டுவிடுங்கள். மரப்பாசி எந்தப் பக்கம் என்று பார்ப்பதையும்தான். மேகம் மூடியிருந்தால் "நேராத்தான் நடக்கறேன்" என்ற எண்ணத்தை நம்பவே வேண்டாம். சூரியன் தெரியாத காட்டில் மனிதர்கள் வட்டமடித்து வந்த தடத்திலேயே வெட்டிக்கொள்வதை 2009ல் வெளியான ஓர் ஆய்வு ஜிபிஎஸ் கட்டிவிட்டு அளந்தே காட்டியது.

கரட்டுவழி:

சின்னதா ரெண்டு சேர்க்கை. வெளிச்சம் இருக்கும்போதே பரண்ல இருந்து ரோடு வரைக்கும் ஒளி திருப்பும் டேப்பை 20 மீட்டருக்கு ஒண்ணா மரத்துல கட்டிட்டு வாங்க, கண் உயரத்துல, திரும்பி வர்ற பக்கம் பார்த்து. தலை விளக்கு ரெண்டு, ஒண்ணு செத்தா ஒண்ணு.

ஓடைக் கடவுல தண்ணி ஓடினா இறக்காதீங்க. 15 செ.மீ. வேகத் தண்ணி ஆளைத் தள்ளும், 30 செ.மீ. சின்னக் காரை நகர்த்தும், 60 செ.மீ. பெரிய வண்டியையும் கொண்டுபோகும். அடியில தளம் அரிச்சுப் போயிருந்தா மேல இருந்து பார்த்தாத் தெரியாது. போகும்போது கணுக்கால் ஆழம் இருந்தது மழைக்குப் பின்னாடி முழங்கால் ஆழமா இருக்கும், அதனால வேற வழியில திரும்பற தூரத்தையும் சேர்த்து எரிபொருள் போடுங்க.

வீட்டுல ஒருத்தர்கிட்ட காகிதத்துல எழுதிக் கொடுங்க: கேட்டோட புள்ளி, வண்டி எண், மூணு பரண் இடம், திரும்பற நேரம், எத்தனை மணிக்குப் பேச்சே இல்லைன்னா யாரைக் கூப்பிடணும்னு. கடைசி வரிதான் முக்கியம், அது இல்லைன்னா வீட்டுல இருக்கிறவங்க விடியற வரைக்கும் "வந்துடுவாங்க"ன்னு காத்திருப்பாங்க. உள்ளே சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போச்சுன்னா போன் பண்ணிப் பார்க்காம எஸ்எம்எஸ் அனுப்புங்க, பேச்சு நிக்காத இடத்துலயும் அது போய்ச் சேரும். அடிக்கடி போறதா இருந்தா 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி (செயற்கைக்கோள் வழியா மீட்புக்காரங்களுக்கு உதவி கேட்டுச் செய்தி அனுப்பறது) ஒண்ணு வாங்கலாம், மாதக் கட்டணம் கிடையாது. வாங்கின அன்னைக்கே உங்க பேர்ல பதிவு பண்ணிடுங்க, பதிவு இல்லாத கருவி அலறினா யாருடையது, வீட்டுல யாரைக் கேட்கறதுன்னு மீட்புக்காரங்களுக்குத் தெரியாது.